துவக்கும் கண்ணாடியும்

புதிதாய்க் கண்ட ஒரு பறவையின் பெயரை அறிய என்ன செய்தல் வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் பறவையியலாளர் அளித்த விடை, அதனைச் சுட்டு வீழ்த்துக என்பதேயாம். இறந்த பறவையின் அலகையும் சிறகையும் அளந்து, தடித்த நூல்களிற் கண்ட வருணனையோடு ஒப்பிட்டுப் பெயர் காண்பர். எலியற் கவுஸ் என்னும் பேரறிஞர், இரட்டைக் குழல் துவக்கே பறவை ஆய்வாளனின் முதற் கருவி என 1874இல் எழுதினார். இத்தகைய நூல்களாற் சிறுவர் பெற்ற பயன் யாது?

அறிவுக்காகக் கொன்றோர் சிலர். அணிக்காகக் கொன்றோர் பலர். 1886ஆம் ஆண்டு பிராங் சப்மன் என்பார் நியூ யோர்க் நகரக் கடைவீதிகளில் இருமுறை நடந்து, பெண்கள் அணிந்திருந்த தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542, பறவைகளின் இறகுகளைத் தாங்கியிருந்தன.

அதே ஆண்டில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்மித் கல்லூரி மாணவி புளோறன்ஸ் மெறியம் தோழியரோடு ஒரு பறவை காப்புச் சங்கத்தை அமைத்தார். தொப்பி அணிந்தோரை அவர் கடிந்துரைக்கவில்லை. அவர்களை வயல்வெளிக்கு அழைத்துச் சென்று உயிருள்ள பறவைகளைக் காட்டினார். பறவையோடு பழகியவள் அதன் இறகைச் சூட மனங்கொள்ளாள் என்பது அவர் துணிபு.

அத்துணிபே 1889இல் நூலாயிற்று. இளைஞருக்கான நூல்வரிசை ஒன்றில் வெளிவந்த அதன் பெயர் ‘நாடகக் கண்ணாடியூடே பறவைகள்’ என்பதாம். அரங்கின் பின்வரிசையில் இருப்போர் மேடையை அணுக்கமாகக் காண உதவிய சிறு இரட்டைக் கண்ணாடியே துவக்கின் இடத்தைப் பெற்றது. யாவருமறிந்த றொபின் பறவையை முதலில் விளக்கி, ஏனையவற்றை அதனோடு ஒப்பிட்டுக் காட்டினார் மெறியம். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் இம்முறை நல்லாசிரியர் கைக்கொள்ளும் முறையன்றோ!

1897இல் ‘குடிமகன் பறவை’ என்னும் சிறுவர் நூல் வெளிவந்தது. அதனை எழுதியோர் இருவர். ஒருவர் மேபல் ஒஸ்குட் றைற் அம்மையார். மற்றவரோ, துவக்கைப் போற்றிய அதே எலியற் கவுஸ்! பறவையும் நாட்டின் குடிமகனே, அதற்கும் வாழும் உரிமை உண்டு எனச் சிறாருக்கு உரைக்க அவரும் முன்வந்தமை வியப்புக்குரியது.

பின்னர், பத்துச் சதம் செலுத்திய பள்ளிச் சிறாருக்குப் பறவைப் படங்களோடு கூடிய துண்டுப் பிரசுரங்களை வழங்கும் இளையோர் கழகங்கள் தோன்றின. ஜேம்ஸ்ரவுண் என்னும் ஊரில் ஆசிரியை ஒருவர் நடத்திய அத்தகைய கழகத்திற் பதினொரு வயதிற் சேர்ந்த சிறுவனே றோஜர் டோறி பீற்றர்சன். 1934இல் அவர் ஆக்கிய கையேடு, தொலைவிலிருந்தே பறவையை இனங்காணும் அடையாளங்களைச் சிறு கோடுகளாற் சுட்டிக்காட்டியது. முதலில் அச்சான 2000 பிரதிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. பறவையைக் கொல்லாமலே அதன் பெயரை அறியும் வழி எல்லார்க்கும் எளிதாயிற்று.

1900ஆம், 1918ஆம் ஆண்டுச் சட்டங்கள் பறவைகளைக் காத்தது உண்மையே. எனினும், சட்டம் கையைத் தடுக்கும். கண்ணைத் திறப்பது நூல். சிறுவர்க்கு உரியதென ஒரு நூலை நாம் இலேசாக எண்ணி ஒதுக்குங்கால், அறிஞரின் கையிலிருந்த துவக்கைக் கீழே வைப்பித்த இந்நூல்களை நினைவு கூர்வோமாக.