முழு நகமா, ஓரம் மட்டுமா?

கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் குத்தி, சீழ் வைத்து, புண்ணோரம் சிவந்த சதையும் வளர்ந்துவிட்டால் பெரும்பாலும் சிறு அறுவைதான் வழி. அதில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்று, நகத்தை முழுவதும் பிடுங்கி எடுப்பது. மற்றது, குத்துகிற ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வெட்டி எடுத்து, அந்த ஓரத்தை வளர்த்த வேரில் பீனால் வைத்துக் கருக்கிவிடுவது. இரண்டுக்கும் விரலடியில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். இரண்டிலும் அன்றே வீடு திரும்பலாம். எது மேல் என்பது முதல் சில வாரங்களில் நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு கழித்துத்தான் தெரியும்.

நகம் வளர்வது தோலுக்கடியில் மறைந்திருக்கும் வேரிலிருந்து. கண்ணுக்குத் தெரியும் தகட்டை எடுத்தாலும் வேர் அப்படியே இருக்கிறது. பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே வளர்வதால், முழுதாக முளைக்க 12 முதல் 18 மாதம் ஆகும். அந்த இடைவெளியில் மேலிருந்து அழுத்தும் தகடு இல்லாததால் விரல்நுனிச் சதை மேலெழும்பிவிடுகிறது. புதிய நகம் வந்து அதில் முட்டுகிறது. முன்பு பக்கவாட்டில் குத்திய நகம் இப்போது முன்னாலும் குத்தலாம். தடித்தும் கோணியும் வளரலாம். வெறுமனே நகத்தைப் பிடுங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தொல்லை திரும்பியதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. நல்ல நகத்தையும் சேர்த்து இழந்தபின் அதே வலி திரும்புவது கொடுமை.

பீனால் முறையில் நகத்தின் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. விரலடியில் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்தி, உலர்ந்த இடத்தில் மருந்தைச் சில நிமிடம் வைத்தால் அந்தப் பகுதி வேர் கருகிவிடும். அதன்பின் நகம் சற்றே ஒடுங்கி வளரும், அவ்வளவுதான். இதற்கும் குறை உண்டு: மருந்து பட்ட இடம் ரசாயனப் புண் என்பதால் இரண்டு, மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும் நீர் கசியும். சீழ் பிடித்துவிட்டதோ என்று பலர் பயப்படுவது இதைக் கண்டுதான். வலியும் சிவப்பும் நாளுக்கு நாள் கூடினாலொழிய அஞ்ச வேண்டாம். 24 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான காக்ரேன் திறனாய்வும், பீனாலைச் சேர்த்தால் நகம் மறுபடி குத்துவது குறைகிறது என்றே கண்டது. என் தீர்ப்பும் அதுதான்: அடிக்கடி குத்தும் நகத்துக்கு ஓரம் மட்டும் எடுத்து வேரைக் கருக்குவதே மேல்.

ஆனால் எல்லா நகமும் கத்திவரை போக வேண்டியதில்லை. சிவப்பும் வலியும் மட்டும் இருக்கும்போது, வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, நகவோரத்தின் அடியில் சிறு பஞ்சுத்திரி செருகி, தினமும் மாற்றி வந்தால் பலருக்கு அடங்கிவிடும். நகநுனியின் நடுவில் வெட்டு வைத்தால் நகம் உள்நோக்கி ஒடுங்கும் என்பது வீண் நம்பிக்கை. நுனியில் செய்வது வேருக்கு எட்டாது. மூலையை வளைத்து ஆழமாக வெட்டுவதும், விரலை நெரிக்கும் ஷூவும்தான் முக்கியக் காரணங்கள். நகத்தை நேர்க்கோட்டில் வெட்டி, மூலை சதைக்கு மேலே தெரியும்படி விடுங்கள். வளரும் பிள்ளைகளின் பள்ளி ஷூவில் விரல்நுனிக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிகளும், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் வீட்டில் நகத்தைத் தோண்டவே கூடாது. அவர்களுக்கு எந்த அறுவைக்கு முன்னும் கால் நாடியைச் சோதிக்க வேண்டும். மற்றவர்கள், முழு நகத்தையும் எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், ஓரத்தை மட்டும் எடுத்து வேருக்கு மருந்து வைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.