புதுவையில் கண்ட இரட்டை விண்மீன்

பொதட்டூர்பேட்டையில் தறிகளின் ஓசை அடங்கிய பின், மே மாத இரவுகளில், என் சிறு தொலைநோக்கியைப் பின்முற்றத்தில் தெற்கு நோக்கி நிறுத்துவேன். அடிவானிலிருந்து ஏறக்குறைய 16 பாகைக்குமேல் எழாத ஆல்பா செண்டாரி அங்கே ஒளிரும். வெறுங்கண்ணுக்கு அது ஒன்று, தொலைநோக்கியில் இரண்டு.

அதை இரண்டெனக் கண்டறிந்தவர் ஓர் இயேசு சபைக் குரு. கண்ட இடம் நம் புதுச்சேரி! பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1687-இல் சயாமுக்கு அனுப்பிய குருக்களுள் ஒருவர் ழான் ரிஷோ. மறு ஆண்டே அங்கு ஆட்சி கவிழ்ந்தது, பிரெஞ்சுக்காரர் வெளியேற்றப்பட்டனர். இவ்வாறு புதுவை வந்து சேர்ந்த ரிஷோ, 1689 டிசம்பரில், 12 அடி நீளத் தொலைநோக்கியால் ஒரு வால் நட்சத்திரத்தைக் கவனித்து வந்தார். அப்போதுதான் இவ்விண்மீன் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

ஒன்றையொன்று சுமார் 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் இரு சூரியன்கள் அவை என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. விண்மீன் இணைகள் உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று வில்லியம் ஹெர்ஷல் காட்டியது 1803-இல்தான். ரிஷோ 1693-இல் மறைந்தார். அதே ஆண்டு டச்சுக்காரர் புதுவையைக் கைப்பற்றினர்.

குருமடத்தில் நான் பயின்ற திருச்சபை வரலாற்றில் இவர் பெயர் வந்ததாக நினைவில்லை. கலிலேயோ வந்தார், அதுவும் சற்றுத் தயக்கத்தோடு.

சென்ற கோடையில் நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் கண்ணைப் பொருத்தி நெடுநேரம் பார்த்தான். "ரெண்டு இருக்கு, ஃபாதர்" என்றான். நான் அவனுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை.