எட்டு மாதக் கரை

இன்று பங்களாதேஷ் என வழங்கும் கிழக்கு வங்காளத்தின் தென்மேற்கு மூலையில், குல்னா, சாத்கீரா, ஜெஸ்ஸோர் ஜில்லாக்களில், கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து அரித்துக் கொணர்ந்து சமுத்திரத்தில் சேர்த்த மண்ணை, நாள்தோறும் இருமுறை உள்ளே ஏறிவரும் ஓதம் திரும்பவும் வயல்களின்மீது பரப்பிவிட்டுப் போகும். தன் பாரத்தாலேயே ஆண்டுதோறும் சற்றே அமிழும் அந்தச் சேற்றுப் பூமி, இவ்வாறு படிந்த வண்டலைக் கொண்டே தன் மட்டத்தைக் காத்துவந்தது.

இந்த இயல்பை நன்கறிந்திருந்த குடியானவர்கள், ஜமீன்தார்களின் மேற்பார்வையில், 'அஷ்டமாசி பாந்த்' என்றொரு தாழ்ந்த மண்கரை போட்டார்கள். பெயரே அதன் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறது: உவர்நீர் பயிரைக் கெடுக்காதபடி எட்டு மாதம் கரை நிற்கும், எஞ்சிய நான்கு மாதம், மழைவெள்ளத்தால் ஆற்றுநீர் இனித்திருக்கும் பருவத்தில், ஓதத்துக்கு வழிவிடப்படும். (ஜமீன்தார்களைப் புகழ நான் வரவில்லை, அவர்கள் வாரம் வசூலித்த கடுமை தனிக்கதை.) 1950-இல் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தபோது, கரையைக் கவனிப்பார் இல்லாமற் போயிற்று.

அடுத்து வந்த பெருவெள்ளங்களால் கலங்கிய சர்க்கார், 1961-இல், அந்நிய நிதியுதவியும் பொறியியல் நிபுணர்களின் யோசனையும் துணையாக, ஹாலந்து தேசத்து முறையையொட்டி, ஆண்டு முழுதும் நிற்கும் உயர்ந்த கரைகளைக் கட்டத் தொடங்கியது. அக்கரைகள் சூழ்ந்த நிலத்துக்கு ஹாலந்துப் பெயரே நிலைத்தது: 'போல்டர்'. நாளடைவில் அவை 139 ஆயின. முதற்சில ஆண்டுகள் விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் வயலில் விழவேண்டிய வண்டல் ஆற்றுப்படுகையிலேயே தங்கி ஆறு மேடாக, வயலோ பள்ளமாகி, பெய்த மழைநீரும் மதகு வழியே வடிய மாட்டாமல் தேங்கி அழுகலாயிற்று. பூமி வெப்பமடைந்து கடல்மட்டம் உயர்வதைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறோம், பேசவேண்டியதுதான். எனினும் கரைக்குள் அடைபட்ட நிலம் தாழ்ந்த அளவு, அக்காலத்தில் கடல் உயர்ந்த அளவினும் அதிகம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அதை அனுபவத்தில் உணர்ந்த கிராமத்தார் 1990-இல் டாகாத்தியா என்னும் பள்ளத்தாங்கலின் கரையைத் தாங்களே வெட்டினார்கள்; 1997-இல் பாய்னாவிலும் அவ்வாறே வெட்ட, ஓதம் உட்புகுந்து பள்ளம் மேடாயிற்று, தூர்ந்துகிடந்த ஹரி நதியும் ஆழமடைந்தது. முன்பு குற்றமாய்த் தோன்றிய அக்காரியத்தையே பின்னர் அதிகாரிகள் ஒரு திட்டமாக்கி, அதற்குப் பெயரும் சூட்டினார்கள்.

2009 மே 25-ஆம் தேதி வீசிய ஐலாப் புயல், சுந்தரவனத்தை அடுத்த முப்பத்திரண்டாம் எண் போல்டரின் கரையைப் பல இடங்களில் பிளந்தது. உள்ளிருந்த வயல்கள், வெளியே கரையின்றி நின்ற காட்டுத் தரையைவிட ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடந்தமையால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓதம் தடையின்றிப் புகுந்து வெளியேறியது. வீடிழந்தவர்கள் எஞ்சிய கரையின் மேலேயே குடிசை போட்டு, தங்கள் நெல்வயல்களில் சேறு திண்ணமாய்ப் படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடைப்பு அடைபட்ட நாளோடு அந்தப் படிவும் நின்றது.