அறைக்கு ஒருவர்

1897 பிளேக்கின்போது வந்த கொள்ளைநோய்ச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது. மக்களுக்குச் சிகிச்சை உரிமை தரவில்லை. 2020 கொரோனாவிலும் அதே சட்டம்தான்.

அந்த மார்ச்சில் விடுதிகள் மூடப்பட, நம் மாணவர்கள் பெரம்பலூர், அரியலூர் சேரிகளுக்குத் திரும்பினார்கள். மே மாதம் கோயம்பேட்டிலிருந்து வந்த தொழிலாளர்களிடையே தொற்று எகிறியது. 'சமூக இடைவெளி' என்றார்கள். ஊர், சேரி என்று நூற்றாண்டுகளாக அதில்தானே வாழ்கிறோம்! உலக சுகாதார அமைப்பே அச்சொல்லை 'உடல் இடைவெளி' என மாற்றிக்கொண்டது.

நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டுதல் வெளியிட்டது: முகக்கவசம், ஆறடி இடைவெளி, விடுதி அறையைப் பகிரக் கூடாது. மருத்துவப்படி சரிதான். ஆனால் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஓர் அறையில் பலர் தங்கித்தான் படிக்கிறோம். கூடுதல் அறை கட்டாமல் இந்த விதியைப் போட்டால், வெளியே நிற்பது யார்?

அடுத்த தொற்றுக்கு முன் நாம் கேட்க வேண்டியது சலுகையை அல்ல, அறையை.