எண்ணும் பெயரும்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஆங்கிலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. முதல் உலகப் போருக்கு இக்கிராமத்திலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்பதே அதன் செய்தி. பெயர் ஒன்றுகூட இல்லை. வேலூர் அன்றே நகரம். ஆயினும் கல் அதனைக் கிராமம் என்கிறது. காரணம் எளிது. இவ்வாசகம் வேலூருக்கென எழுதப்பட்டதன்று. இந்தியாவின் பல ஊர்களில் எண்களை மட்டும் மாற்றிப் பொறிக்கப்பட்ட பொது வாசகம் அது.

அதே போரில் மாண்ட இங்கிலாந்துச் சிற்றூர் வீரர்களுக்கு அவ்வூர்த் தேவாலயச் சுவரிலோ முற்றத்திலோ நினைவுக்கல் எழுந்தது. பண்ணையாள், கொல்லன், நிலக்கிழாரின் மகன் ஆகியோர் அங்கு ஒரே பட்டியலில் பெயர்பெற்றனர். 1917இல் அமைந்த பேரரசுப் போர்க் கல்லறை ஆணையமும் மாண்டோர் அனைவரையும் சமமாக நினைவுகூர்வதையே கொள்கையாகக் கொண்டது. ஆயினும் 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரித்தானியச் சிப்பாய்க்குப் பெயர் கிடைத்தது. இந்தியச் சிப்பாய் தன் படைப்பிரிவின் கீழ் ஓர் எண்ணிக்கையாகவே நின்றான். இத்தகைய சமமின்மையை ஆணையம் 2021இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

பெயர் பொறிக்கும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1911 வரை சித்தூரைத் தலைநகராகக் கொண்டிருந்த வடஆர்க்காடும் அதன் அண்டைப் பகுதிகளும் நடுகற்கள் நிறைந்த நிலம். புங்கனூர், பலமனேர்ப் பகுதிகளில் அவற்றை வீரகல்லு என்பர். இந்நிலத்தின் பெரும்பகுதியை ஆண்ட வாணர்களின் பெயர் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லிலும் உண்டு. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நடப்பட்ட கல் அது. வாணகோவரைசரின் உறவினரான பொற்றொக்கையார் என்பவரின் வீரன் கருந்தேவக்கத்தி, எருமைகளுக்காக நிகழ்ந்த பூசலில் பட்டதை அது சொல்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாயின் உருவத்தையும் செதுக்கி, கோவிவன் என்னும் அதன் பெயரையும் பொறித்துள்ளனர்.

‘பட்டான் கல்’ என்பது நடுகற்களின் வழக்கமான முடிவு. பட்டான் என்பது ஒருமைச் சொல். இன்னான் பட்டான் என்று ஒருவனைச் சுட்டிக் கூறுவது. மணிக்கூண்டுக் கல்வெட்டின் எழுவாயோ வெறும் தொகை. முன்னது, இறந்தவனை அறிந்த ஊரார் எழுப்பிய கல். பின்னது, ஆள் திரட்டிய அரசு எழுதிய கணக்கு.

எருமை காத்தவனும் அவன் நாயும் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகப் பெயரோடு நிற்கின்றனர். நூறாண்டுக்கு முன் கடல் கடந்து சென்று மாண்ட பதினால்வர், நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் கடைத்தெருவில், இன்னமும் பதினால்வராகவே நிற்கின்றனர்.