மாலுமியின் ஓய்வு நேரம்

மில் தொழிலாளி சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போகிறான். மாலுமிக்கு வேலை முடிந்தாலும் அதே இரும்புத் தளம், அதே செங்குத்தான ஏணி, அதே கடல். உண்பதும் உறங்குவதும் வேலைத்தலத்திலேயே. அந்த ஓய்வு நேரத்தில் அவன் கால் இடறி முடமானால் பொறுப்பு யாருடையது? கடற்சட்டத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று இது.

பிரான்சின் மேற்குக் கரையை ஒட்டிய ஒலெரோன் தீவின் பெயரால் வழங்கும் இடைக்காலக் கடல்விதிகள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தன. கப்பலின் பணியில் காயமுற்றவனைக் கப்பலின் செலவில் குணப்படுத்த வேண்டும். நோயுற்றவனைக் கரையில் ஒரு வீட்டில் இறக்கி, உணவும், இரவில் பார்க்க ஒரு மெழுகுவர்த்தியும், கவனித்துக்கொள்ள ஒரு கப்பற்பையனையும் தர வேண்டும். அந்த மெழுகுவர்த்தியை எழுதிவைத்தவர் யாரோ, நோயாளியின் இரவை அறிந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தலைவனின் அனுமதியின்றிக் கரையிறங்கி, குடித்து, சண்டையிட்டுக் காயம் பட்டவனுக்கு ஒன்றுமில்லை; அவனைக் கப்பலிலிருந்து நீக்கியும் விடலாம்.

‘கப்பலின் பணியில்’ என்ற இந்தச் சொற்களைச் சுற்றியே பிற்கால வழக்குகளெல்லாம் சுழன்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-இல் அவற்றை அகலமாக விரித்தது. நீதிபதி ரட்லெட்ஜ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: மனிதர்களை மாதக்கணக்கில் கப்பலுக்குள் அடைத்துவைக்க முடியாது, எனவே கரை விடுப்பு மாலுமியின் சொந்தக் கேளிக்கை மட்டுமன்று, கப்பல் இயங்குவதற்கே தேவையான ஒன்று. 1951-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1944-இல் நேப்பிள்ஸ் நகரின் நடனக்கூடம் ஒன்றில், கடலைப் பார்ப்பதற்காகத் தடுப்பில்லாத விளிம்பில் சாய்ந்தான் ஒரு மாலுமி. பிடித்திருந்த இரும்புக்கம்பி கையோடு வந்துவிட, விழுந்து கால் முறிந்தது. கொஞ்சம் திராட்சை மதுவும் அருந்தியிருந்தான். எனினும் இது கவனக்குறைவே, வேண்டுமென்று செய்த தீய நடத்தை அன்று என்று கூறி, பராமரிப்பும் சிகிச்சையும் அவனுக்கு உரியவை என்றது நீதிமன்றம்.

இதைப் படித்து மகிழ்வதற்கு முன் 1949-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் படித்துவிட வேண்டும். பலெர்மோ துறைமுகத்தில் விடுப்பு முடிந்தபின் தாமதமாக, இருட்டில் கப்பலுக்குத் திரும்பிய ஓர் இளம் மாலுமி உலர்துறைக்குள் விழுந்து பார்வையை இழந்தான். சிகிச்சையால் இனி முன்னேற்றம் இல்லை என்ற கட்டம் வரையில்தான் கப்பலின் கடமை என்று தீர்ப்பாயிற்று. பழைய விதி சோறும் மருந்தும் தரும். போன கண்ணுக்கு விலை தராது. நிரந்தர ஊனத்திற்கு ஈடு வேண்டுமென்றால் வேறு சட்டத்தின் கதவைத் தட்ட வேண்டும். இழப்பீட்டுச் சட்டங்களின் அந்தக் கதவு எவ்வளவு குறுகலானது என்பதற்கு நம் நாட்டு வழக்கொன்றே போதும்.

பம்பாய்க்கும் பாரசீக வளைகுடாத் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய ‘துவாரகா’ என்ற கப்பலில், 1961 டிசம்பரில், தளப்பணியாளர் ஒருவர் நெஞ்சு வலிக்கிறது என்று மருத்துவரிடம் சென்றார். மாத்திரை கிடைத்தது, மறுநாள் வேலைக்குத் தகுதி என்று குறித்தார்கள். 15-ஆம் தேதி மறுபடியும் வலி, உறக்கமின்மை. 16-ஆம் தேதி அதிகாலை இரண்டரை மணிக்குக் கப்பலோட்டும் மேடையருகே நின்றவரைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று மணிக்கு இடைத்தளத்தில் காவலிருந்த மாலுமியிடம் படுக்கப் போவதாகச் சொன்னார். ஆறேகால் மணிக்கு ஆளைக் காணோம். ஆற்றில் விழுந்திருக்கலாம், கவனித்துப் பாருங்கள் என்று ஏனைய கப்பல்களுக்கு வானொலிச் செய்தி பறந்தது. உடல் கிடைக்கவேயில்லை.

தந்தை இழப்பீடு கோரினார். 1923-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விபத்து பணிக்காலத்தில் நிகழ்ந்தால் மட்டும் போதாது. பணியின் காரணமாகவும் எழுந்திருக்க வேண்டும். கப்பலை நேரில் பார்வையிட்ட ஆணையர், ஓரத்தடுப்பு மூன்றரை அடிக்கும் மேல் உயரம், தவறி விழுந்ததற்குச் சாட்சியில்லை என்று கூறி மனுவைத் தள்ளினார். பம்பாய் உயர் நீதிமன்றம் 4,810 ரூபாய் வழங்கியது. 1969-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ராமசாமி எழுதிய தீர்ப்பு அதை நீக்கிற்று: நேரடிச் சாட்சி தேவையில்லை, சூழ்நிலையிலிருந்து ஊகிக்கலாம், ஆனால் இங்கே ஊகத்திற்கும் அடிப்படை இல்லை.

தர்க்கத்தில் குறை காண்பது கடினம். ஆயினும் நெஞ்சு வலியோடு உறக்கமின்றித் தளத்தில் உலவியவருக்கு உலவ வேறு இடம் இருந்ததா என்ற கேள்வி அந்தத் தர்க்கத்துக்குள் வரவேயில்லை. சாட்சி வேண்டும் என்பதும் விந்தையே. கப்பலில் பணிபுரிவோர் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள், நாட்குறிப்பை எழுதுவதும் அவர்களே.

1936-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இயற்றிய உடன்படிக்கை, மாலுமி பணியேற்ற நாள் முதல் பணி முடியும் நாள் வரை நேரும் நோய்க்கும் காயத்துக்கும் கப்பலுடைமையாளரைப் பொறுப்பாக்கியது. வேலை நேரம், ஓய்வு நேரம் என்று பிரிக்கவில்லை. 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் ஏறக்குறைய அப்படியே. ஆனால் கப்பலின் பணியில் அல்லாமல் நேர்ந்த காயத்தை நாடுகள் விலக்கிக்கொள்ளலாம் என்ற வாசகம் இரண்டிலும் உண்டு. உலகின் கப்பல்களுக்குப் பெருமளவில் ஆட்களை அனுப்பும் பிலிப்பைன்ஸில், கரை விடுப்பின்போது இந்தோனேசியாவில் நீரில் மூழ்கி இறந்த மாலுமியின் மனைவி தொடுத்த வழக்கில், அது பணி தொடர்பான மரணமன்று என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013-இல்தான் தீர்ப்பளித்தது.