நீரிணைன்னா சேர்க்குறதா, பிரிக்குறதா?

சேர்வராயன் மலையில, மாரமங்கலத்துல உக்காந்துக்கிட்டு பாக் நீரிணையைப் பத்தி எழுதுறான்னு சிரிக்காதீங்க மக்களே. சம்பந்தம் இருக்கு. காப்பி!

1820களில் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். அடுத்த சில வருஷங்கள்ல கண்டி மலையிலயும் வெள்ளைக்காரங்க காப்பித் தோட்டம் போட்டாங்க. அங்க ஆள் பத்தலை. திருச்சி, மதுரை, நம்ம சேலம் ஜில்லான்னு கங்காணிகள் ஆள் பிடிச்சாங்க. அவங்க தாண்டிப் போனது இந்தத் தண்ணியைத்தான்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆழமும் கம்மி. 20,000 வருஷம் முன்னாடி கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே கிடந்தப்போ ரெண்டு கரையும் ஒரே நிலம். ஆர்க்டிக் பக்கம் ருஷ்யாவையும் அலாஸ்காவையும் பிரிக்கிற பெரிங் நீரிணைக்கும் இதே கதைதான். நம்ம நீரிணைக்குப் பேர் கொடுத்தவர் 1763 முதல் 1767 வரை மதராஸ் கவர்னரா இருந்த ராபர்ட் பாக்.

படகுல மன்னார்ல இறங்கி, அங்கிருந்து காட்டு வழியா மலைநாடு வரைக்கும் நடை. காலராவுல வழியிலேயே செத்தவங்க ஏராளம். 1914-ல பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில், கப்பல், மறுபடி ரயில்னு போட் மெயில்ல கொழும்பு போகலாம்னு ஆச்சு.

அப்புறம்தான் விதி விளையாடுச்சு. சுதந்திரம் வாங்கின இலங்கை 1948-ல கொண்டு வந்த குடியுரிமைச் சட்டத்தால பெரும்பாலான தோட்டத் தமிழர்கள் நாடற்றவங்களா ஆனாங்க. 1964 அக்டோபர்ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்! சம்பந்தப்பட்ட சனங்களை ஒரு வார்த்தை கேக்கலை. அதே வருஷம் டிசம்பர்ல புயல் வந்து தனுஷ்கோடியையே அழிச்சிட்டுப் போச்சு. அதனால திரும்பி வந்தவங்க ராமேஸ்வரத்துல இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனாங்க. 1984-ல கப்பலும் நின்னு போச்சு.

2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டாங்க. சந்தோஷம்தான்.

'நீரிணை'ங்கிற வார்த்தைக்குள்ளேயே 'இணை' இருக்கு. ஆனா இதைத் தாண்டினவங்களுக்கு எந்தக் கரையும் முழுசாச் சொந்தமாகலை. தலைமுறை தலைமுறையா உழைச்ச அந்த மண்ணுல அவங்க பேரு 'இந்தியத் தமிழர்'. தாத்தன் பூட்டன் பொறந்த மண்ணுக்குத் திரும்பி வந்தா, இங்க நாம வெச்ச பேரு 'சிலோன்காரங்க'.